நோய்க்கு ஜெபம், பாவ அறிக்கை... குணமாகலைன்னா விசுவாசம் குறைவா? பைபிளும் ஆய்வுகளும் சொல்வது என்ன?

"இன்னும் உருக்கமா ஜெபம் பண்ணுங்க." "மனசுல மறைச்சு வச்ச பாவம் ஏதாவது இருக்கான்னு யோசிச்சுப் பாருங்க." வீட்டில் ஒருவர் மாதக்கணக்கில் நோயாகப் படுத்துவிட்டால், பல கிறிஸ்தவக் குடும்பங்களில் கேட்கும் வார்த்தைகள் இவை. அக்கறையில் சொல்வதுதான். ஆனா குணமாகாத நோயாளிக்கு இதுவே இன்னொரு பாரமா ஆகிடுது. "அப்போ தப்பு என்கிட்டதானா?" என்ற கேள்வி அவரை அரிக்கத் தொடங்கும்.

விடாத ஜெபத்துக்கும், ஒளிவுமறைவில்லாத பாவ அறிக்கைக்கும் கிறிஸ்தவம் உண்மையில் கொடுத்திருக்கும் இடம் என்ன? விரிவாகப் பார்க்கலாம்.

எங்கிருந்து வந்தது இந்தப் பழக்கம்?

புதிய ஏற்பாட்டில் யாக்கோபு நிருபம் 5-ம் அதிகாரம், 13 முதல் 16 வரையுள்ள வசனங்கள்தான் இதற்கு முக்கிய அடிப்படை. நோயாளி சபை மூப்பர்களை வரவழைக்க வேண்டும். அவர்கள் எண்ணெய் பூசி ஜெபிக்க வேண்டும். குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட வேண்டும் என்கிறது அந்தப் பகுதி.

இதில் மூணு விஷயங்களைப் பலரும் கவனிப்பதில்லை. ஒன்று, நோயாளிக்குச் சொல்லப்பட்ட வேலை மற்றவர்களைக் கூப்பிடுவது. விசுவாசத்தோடு ஜெபிக்கும் பொறுப்பு வந்து நிற்பவர்களுடையது. இரண்டு, 'பாவம் செய்திருந்தால்' என்றுதான் அங்கே இருக்கிறது. செய்திருப்பார் என்ற முடிவு இல்லை. மூன்று, அறிக்கையிடுவது 'ஒருவருக்கொருவர்'. அதாவது, படுக்கையில் இருப்பவரை மட்டும் உட்கார வைத்து விசாரிப்பது அல்ல. ஜெபிக்க வந்தவரும் தன் தவறைச் சொல்ல வேண்டியவர்தான்.

பாவத்தால்தான் நோய் வருதா?

இதே கேள்வியை இயேசுவிடமே சீடர்கள் கேட்டதாக யோவான் 9-ம் அதிகாரம் சொல்கிறது. பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் காட்டி, இவர் செய்த பாவமா, பெற்றோர் செய்த பாவமா என்கிறார்கள். இரண்டுமே இல்லை என்பது இயேசுவின் பதில்.

ஆனாலும் பாவத்தையும் நோயையும் முடிச்சுப் போடும் வழக்கம் போகவில்லை. 1215-ல் நடந்த நான்காம் லாத்தரன் சங்கம், உடல் நோய்க்குச் சில நேரம் பாவம் காரணமாகலாம் என்று கூறி, மருத்துவர்கள் முதலில் குருவானவரை அழைக்கச் சொல்ல வேண்டும் என விதி போட்டது.

தமிழ்க் கத்தோலிக்கர் 'அவஸ்தைப்பூசுதல்' என்று சொல்லிவந்த சடங்கு, சாகக் கிடப்பவருக்கானது என்றே பார்க்கப்பட்டது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு, 1972-ல் இதன் முறை திருத்தப்பட்டது. இப்போது இது 'நோயில்பூசுதல்'. கடுமையான நோயில் இருப்பவரும், முதுமையில் தளர்ந்தவரும் பெறலாம்.

விடாமல் ஜெபிக்கணும்னு சொல்றது ஏன்?

நீதிபதியை விடாமல் துரத்திய விதவை (லூக்கா 18), நடுராத்திரியில் ரொட்டி கேட்டுக் கதவைத் தட்டிய நண்பன் (லூக்கா 11) ஆகிய உவமைகள் இதற்குக் காட்டப்படுகின்றன. ஆனால் அதே பைபிளில் பவுல், தன் உடலில் இருந்த 'முள்' நீங்க மூன்று முறை வேண்டியும் அது நீங்கவில்லை (2 கொரிந்தியர் 12). அவருக்கு விசுவாசம் குறைவு என்று அங்கே யாரும் சொல்லவில்லை. அதைத் தாங்கக் கிருபை போதும் என்பதே அவருக்குக் கிடைத்த பதில்.

ஆய்வுகள் என்ன சொல்லுது?

2006-ல் அமெரிக்காவில், 6 மருத்துவமனைகளில் பைபாஸ் ஆபரேஷன் செய்துகொண்ட 1,802 பேரிடம் நடத்திய ஆய்வின் முடிவு வெளியானது. முன்பின் தெரியாதவர்கள் இவர்களில் சிலருக்காக ஜெபித்தார்கள். ஜெபம் நடப்பது உறுதியாகத் தெரியாத நிலையில், ஜெபிக்கப்பட்டவர்களில் 52 சதவீதம், ஜெபிக்கப்படாதவர்களில் 51 சதவீதம் பேருக்குச் சிக்கல்கள் வந்தன. பெரிய வித்தியாசம் இல்லை. தனக்காக ஜெபிக்கிறார்கள் என்று நிச்சயமாகத் தெரிந்தவர்களிடம் இது 59 சதவீதம். இது தற்செயலாக இருக்கலாம், 'ஜெபிக்கும் அளவுக்கு நிலைமை மோசமா' என்ற பதற்றமாகவும் இருக்கலாம் என்று கூறப்பட்டது. பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்து ஜெபிப்பதை இந்த ஆய்வு அளக்கவில்லை.

மனதில் இருப்பதை வெளியே கொட்டுவது வேறு கதை. 1986-ல் ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர், கல்லூரி மாணவர்களைத் தொடர்ந்து 4 நாட்கள், தினம் 15 நிமிடம் எழுத வைத்தார். வாழ்க்கையின் வேதனையான அனுபவங்களை உணர்வுகளோடு எழுதியவர்கள், அடுத்த மாதங்களில் மருத்துவரிடம் போனது குறைந்தது. பின்னால் வந்த ஆய்வுகளில் இந்தப் பலன் சிறிய அளவிலேயே தெரிந்தது.

குடியை விட உதவும் 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' அமைப்பும் 1935-ல் ஒரு கிறிஸ்தவ இயக்கத்தின் தாக்கத்தில் உருவானதுதான். அதன் 12 படிகளில் 5-வது படி, தன் தவறுகளைக் கடவுளிடமும் தன்னிடமும் இன்னொரு மனிதரிடமும் ஒப்புக்கொள்வது.

மாத்திரையை நிறுத்தலாமா?

கூடாது. கத்தோலிக்க பைபிளில் உள்ள சீராக் நூலின் 38-ம் அதிகாரம், ஜெபிக்கவும் சொல்கிறது. மருத்துவரை மதிக்கவும் சொல்கிறது. 1900-ல் மிஷனரி மருத்துவர் ஐடா ஸ்கடர் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கியதுதான் இன்றைய வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை. சர்க்கரை நோய்க்கான இன்சுலின், காசநோய், வலிப்பு, மனநல மாத்திரைகளைத் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம்.

குடும்பத்தினர் கவனிக்க வேண்டியவை

* ஜெபிக்கலாமா என்று நோயாளியிடம் முதலில் கேளுங்கள்.

* பாவ அறிக்கை அவர் விரும்பினால் மட்டுமே, அவர் நம்பும் ஒருவரிடம் தனியாக நடக்கட்டும். கூட்டத்தில் மைக் முன்னால் வேண்டாம். கத்தோலிக்கத் திருச்சபையில் பாவசங்கீர்த்தன ரகசியத்தை வெளியே சொல்லும் குருவுக்கு, திருச்சபையிலிருந்தே விலக்கும் தண்டனை உண்டு. அந்த அளவுக்கு ரகசியம் முக்கியம்.

* குணமாகவில்லை என்றால், "உங்க விசுவாசம் பத்தல" என்று மட்டும் சொல்லாதீர்கள். யாக்கோபு சொன்னபடி பார்த்தால், கூப்பிட்டதோடு நோயாளியின் பங்கு முடிந்தது. விடாமல் ஜெபிப்பதும், மருந்தை நேரத்துக்கு எடுத்துக் கொடுப்பதும் சுற்றி நிற்பவர்களின் வேலை.