விளையாட்டுப் பாட்டும் நினைவும்

இளமையிற் கேட்ட பாட்டு முதுமையிலும் மறவாது என்பர். அக்கூற்று முற்றும் உண்மையன்று என்பதைச் சென்ற விடுமுறையில் யாம் கண்டோம். எம் பாட்டியார் சிறுமியாயிருந்த நாளிற் பாடிய தட்டாங்கற் பாட்டை எழுதிக்கொள்ள விரும்பி, ஏடும் எழுதுகோலுமாக அவரருகில் அமர்ந்தோம். முதலடியைச் சொன்னார், இரண்டாமடியிற் பாதி சொன்னார், அப்பால், “மறந்து போச்சய்யா” என்று கை விரித்தார்.

நெடுநேரம் கேட்டும் பயனின்மையால், வாய்க்காலோரத்தில் ஏழு கூழாங்கற்களைப் பொறுக்கிவந்து அவர்முன் வைத்தோம். அவர் ஒரு கல்லை மேலே எறிந்து, அது விழுமுன் தரையிற் கிடந்த மற்றொன்றை வாரி, விழுந்ததையும் பிடித்தார். கை எழுந்தவுடனே வாயும் திறந்தது. மறந்து போயின என்ற அடிகள் ஒன்றன்பின் ஒன்றாய் வந்தன!

இதற்குக் காரணம் யாது? தட்டாங்கற் பாட்டின் ஓரடி, எறிந்த கல் மேலேறிக் கீழே வரும் காலத்திற்கு அளவானது. ஒவ்வொன்றாக எடுக்குங்கால் ஒரு பாட்டு. இரண்டிரண்டாக எடுக்குங்கால் வேறொரு பாட்டு. ஆதலின் அடுத்த அடி யாதென்று பாடுவோர் எண்ணிப் பார்ப்பதில்லை. கையின் தொழிலே அதனை அழைத்துவருகின்றது. மோனையும் எதுகையும் அதற்குத் துணைநிற்பன. சடுகுடுவிலோ பாட்டு மூச்சிற்கு அளவுகோல். பாட்டு அறுமாயின் மூச்சு அற்றது என்பது பொருள். ஆங்கு வாய்க்கு வந்த சொல்லே போதுமாகலின், அப்பாட்டிற் கருத்துத் தேடுவோர் ஏமாறுவர். அந்தாதியாய்த் தொடரும் சிறுவர் பாட்டுக்களில் ஓரடியின் இறுதிச்சொல்லே அடுத்த அடிக்கு முதலாதலால், இடையில் ஒன்று மறப்பின் பின்னுள்ளன யாவும் மறையும்.

இவை நேற்றுத் தோன்றினவல்ல. ஆன்பொருநையின் வெண்மணலில் மகளிர் பொற்கழங்கு ஆடியதைப் புறநானூற்றின் 36ஆம் பாட்டு கூறுகின்றது. சிலப்பதிகார வாழ்த்துக் காதையில் இளங்கோவடிகள் அம்மானை வரி, கந்துக வரி, ஊசல் வரி, வள்ளைப் பாட்டு என்பவற்றை ஒருங்கே அமைத்தனர். கந்துக வரியை வாய்விட்டுப் படிப்பார்க்குப் பந்து மோதி எழும் விரைவு செவியிற் படும். வகுப்பில் யாம் அதனைப் பொருள் மட்டும் கருதிப் படித்தோம் என்பதை நாணத்தோடு ஒப்புக்கொள்கின்றோம். மாணிக்கவாசகரும் திருவம்மானை, திருச்சாழல், திருப்பொன்னூசல் முதலியவற்றிற்கு மகளிர் ஆடலையே வடிவாகக் கொண்டார்.

பெரும்புலவர் கைப்படாத பாட்டுக்களையும் சிலர் காத்தனர். பெர்சி மாக்வீன் என்னும் ஆங்கில அதிகாரி திரட்டிய நாட்டுப் பாடல்களைக் கி. வா. ஜகந்நாதன் 1958இல் ‘மலையருவி’ எனப் பதிப்பித்தார். நா. வானமாமலையின் ‘தமிழர் நாட்டுப் பாடல்கள்’ 1964இல் வெளிவந்தது. இவர்கள் செய்த உதவி பெரிது. எனினும் அச்சேறுவது சொல்லே. கல்லெறியும் கை அச்சேறாது.

எம் பாட்டியார் மூன்றாம் எண்வரை தவறின்றி ஆடினார். நான்கு கற்களை ஒருசேர வாரும்பொழுது, வாதத்தால் முடங்கிய விரல்கள் மூடவில்லை. கல் உருண்டது, பாட்டும் நான்காம் எண்ணின் நடுவே நின்றது. “யாம் எறிகின்றோம், நீங்கள் பாடுங்கள்” என்று வேண்டினோம். கைபேசியிற் பாட்டுக் கேட்டு வளர்ந்த எம் கைக்கு ஒரு கல்லையேனும் பிடிக்கத் தெரியவில்லை. அவர் நகைத்தார், ஆனால் பாட்டு வரவில்லை.

பழைய மாணவர் எவர் இல்லத்திலேனும் இப்பாட்டைக் கையால் அறிந்த மூதாட்டியார் உளராயின், எமக்குத் தெரிவிக்க வேண்டுகின்றோம். கற்களுடன் யாமே வருவோம். ஐந்துக்கும் ஆறுக்குமாக எம் ஏட்டில் இரண்டு பக்கங்கள் வெறுமையாக விடப்பட்டுள்ளன.