செம்பனைச் சாலையில் ஒரு நாள்

ஐஸ்லாந்தில் சொந்தமாகக் கார் ஓட்டி எரிமலை பார்க்க வேண்டும் என்பது என் நண்பர்களின் கனவு. அதற்குப் பணம் சேரும்வரை, 'பி' உரிமம் வைத்திருக்கும் எனக்குக் கோலசிலாங்கூர் போதும்.

முதலில் மலாவாத்தி குன்று. 1784இல் டச்சுக்காரர்கள் பிடித்த கோட்டையை மறு ஆண்டே சுல்தான் இப்ராஹிம் மீட்டார். 1907இல் எழுந்த கலங்கரை விளக்கம் இன்றும் நிற்கிறது. குரங்குகள் உண்டு, கார்க் கண்ணாடியை ஏற்றிவிடுங்கள்.

பிற்பகலில் பெஸ்தாரி ஜெயா சாலை. இருபுறமும் செம்பனைதான், உடன் வருபவர்கள் தூங்கிவிடுவார்கள். நான் மெதுவாக ஓட்டுவது இங்கேதான். இந்த வட்டாரத்துத் தெனமாரம் தோட்டத்தில்தான் 1917இல் நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடவு நடந்தது. காப்பி சரிப்படாத நிலத்தில் அதைத் தொடங்கியவர் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர். மலாயாத் தோட்ட வாழ்வை நாவலாக எழுதி, 1930இல் பிரான்சின் கொன்கூர் பரிசையும் பெற்றார். அவர் பெயர் புத்தகங்களில் இருக்கிறது. இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் பால்மரம் சீவியவர்கள், குலை வெட்டியவர்கள் பெயரை வீட்டில்தான் கேட்க வேண்டும். பாட்டியிடம் கேட்டேன். அவர் லயத்தில் இருந்த பதினொரு பேரைச் சொன்னார், எழுதி வைத்திருக்கிறேன்.

இருட்டியதும் கம்போங் குவாந்தான். ஆற்றோரப் பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் ஒரே தாளத்தில் மின்னும். படகில் ஏறியதும் கைப்பேசி விளக்கை அணைத்துவிடுங்கள்.