ஏரியா, கடலா? பழவேற்காட்டு வாசிப்பில் நற்செய்தி நூல்களின் மீன்பிடிச் சொற்கள்

திறவுச்சொற்கள்: விவிலிய மொழிபெயர்ப்பு, பழவேற்காடு, நெய்தல் வழக்கு, கலிலேயா, வலை

நற்செய்தி நூல்களில் மீன்பிடித்தல் இடம்பெறும் பகுதிகளைப் பிற நிலத்து வாசகர் எளிதாகக் கடந்துவிடுவர். நெய்தல் நிலத்து வாசகருக்கு அங்கேதான் ஐயங்கள் எழும். அவற்றுக்குத் தக்க விடை தரப்படாவிட்டால் நூலே தொழில் அறியாததாகத் தோன்றும். ஆனால் குறை பெரும்பாலும் மூலத்தில் இல்லை, தமிழாக்கத்தில் உள்ளது. கத்தோலிக்க மீனவர் வாழும் நடுவூர் மாதா குப்பம் முதலிய பழவேற்காட்டு ஊர்களை மனத்திற்கொண்டு சில சொற்கள் இங்கு ஆராயப்படுகின்றன. விவிலியத் தமிழாக்கத்திற்கும் இவ்வூர் புதிதன்று. 1746இல் பிரெஞ்சுப் படை சென்னையைக் கைப்பற்றியபோது, பின்னாளில் விவிலியத்தை மொழிபெயர்த்த பப்ரிசியஸ் டச்சுக்காரர் வசமிருந்த பழவேற்காட்டில்தான் அடைக்கலம் புகுந்தார்.

முதல் ஐயம் நீர்நிலையைப் பற்றியது. பழவேற்காட்டு நீர் உவர்ப்பானது. முகத்துவாரம் வழியாகக் கடலோடு கலப்பது. எனினும் அது ஏரி எனப்படுகிறது. கலிலேயா நீர்நிலையோ நன்னீர். ஏறத்தாழ 21 கி.மீ. நீளமே உடையது, கடல் மட்டத்திற்கு 200 மீட்டருக்கும் கீழே கிடப்பது. அது எவ்வாறு கடலாயிற்று? எபிரேயத்தில் 'யாம்' என்னும் சொல் கடலையும் பெரிய ஏரியையும் குறிக்கும் (எண். 34:11). அவ்வழக்கையொட்டி மத்தேயு, மாற்கு, யோவான் மூவரும் கடலைக் குறிக்கும் 'தலாசா' என்னும் கிரேக்கச் சொல்லை ஆள, லூக்கா மட்டும் ஏரியைக் குறிக்கும் 'லிம்னே' என்பதை ஆள்கிறார் (5:1). பவர் தலைமையிலான குழு திருத்தி 1871இல் வெளிவந்த பதிப்பின் வழிவந்த பரிசுத்த வேதாகமம் லூக்காவிலும் 'கடல்' என்றே தருவதால் இவ்வேறுபாடு மறைந்துவிட்டது. 1995இல் வெளிவந்த பொதுமொழிபெயர்ப்பான திருவிவிலியம் 'ஏரி' என அதனை மீட்டுள்ளது.

வலையில் இரண்டுமே தவறுகின்றன. மத்தேயு 4:18இல் வருவது 'அம்ஃபிபிளெஸ்ட்ரோன்'. ஒருவரே வட்டமாக விரித்தெறியும் வீச்சுவலை. 13:47இல் வருவது 'சகேனே'. நீரில் வளைத்து விட்டுப் பலர் கூடிக் கரைக்கு இழுப்பது. இது கரைவலை, குமரிக் கடற்கரையில் கரமடி. தமிழில் தனித்தனிப் பெயர்கள் இருந்தும் இரண்டு தமிழாக்கங்களும் வெறுமனே 'வலை' என்று அமைகின்றன. திருவிவிலியம் ஒரு படி மேலே சென்று, இழுக்கும் வலையையும் 'வீசப்பட்டு' என்கிறது. தொழிலறிந்தவர் இங்கு வீச்சுவலையையே நினைப்பார். எல்லா வகை மீனையும் வாரிவருதல், கரைக்கு இழுத்தல், உட்கார்ந்து பிரித்தல் என அந்த உவமையில் அடுத்தடுத்து வரும் செயல்கள் அவ்வலைக்குப் பொருந்தா. கரைவலை என்றவுடன் உவமை தானே விளங்கிவிடும்.

பிரித்தபின் எறியப்படுவன எவை? மூலத்தில் உள்ள 'சப்ரா' அழுகியது, பயனற்றது என இருபொருள் தரும். 'கெட்டவை' என்கிறது திருவிவிலியம். மீன் விற்கும் ஊரில் கெட்ட மீன் என்றால் நாறிய மீன். அப்போதுதான் உயிரோடு இழுத்த வலையில் அது பெரும்பகுதியாக இராது. பழைய ஆக்கத்தின் 'ஆகாதவை' இங்கு மிகச் சரியான சொல். ஆகாமைக்குக் காரணம் லேவியராகமத்தில் (11:9–12) இருக்கலாம்: துடுப்பும் செதிலும் இல்லாத நீர்வாழ்வன யூதருக்கு விலக்கு. கலிலேயாவில் செதிலற்ற கெளுத்தி இன மீன் உண்டு. கிரேக்கச் சொல் ஒன்றை மட்டும் கொண்டு இவ்விளக்கத்தை முடிந்த முடிபாகக் கொள்ள இயலாது. எனினும் அடிக்குறிப்பில் அதற்கு இடம் வேண்டும். அந்த விதியின்படி, பழவேற்காட்டில் நல்ல விலை பெறும் இறாலும் நண்டும் எறியப்படும் பக்கத்தில்தான் சேரும்.