வெளிநாட்டில் பொருளியல் பட்டம்: முன்பணம் கொடுக்கும் முன்

தாராசுரத்திலும் கும்பகோணத்தைச் சுற்றியுள்ள ஊர்களிலும் பிளஸ் டூ முடித்த பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பிப் பொருளியல் பட்டம் படிக்க வைக்க ஆசைப்படும் குடும்பங்கள் பெருகிவிட்டன. ஆசையில் தவறில்லை. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் ஒரே தவறு நடக்கிறது. ஓட்டல் ஹாலில் நடக்கும் கல்விக் கண்காட்சிக்குப் போகிறார்கள். பேச்சில் மயங்கி அங்கேயே முன்பணம் கட்டிவிடுகிறார்கள். ரசீது கிடைப்பதில்லை. கிடைத்தாலும் 'சர்வீஸ் சார்ஜ்' என்ற ஒற்றை வரிதான் இருக்கிறது. பணம் போன பிறகுதான் விசாரிக்கக் கிளம்புகிறார்கள்.

கனடாவில் நடந்ததை மறந்துவிடக்கூடாது. ஜலந்தரில் இருந்த ஏஜென்ட் கொடுத்த சேர்க்கைக் கடிதங்கள் போலி என்பது, மாணவர்கள் அங்கே போய்ப் படித்து, நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பித்த பிறகுதான் தெரிந்தது. 2023-ல் வெளியேற்ற நோட்டீஸ் வந்தபோது அவர்கள் தெருவில் உட்கார்ந்து போராட வேண்டியிருந்தது. அதன் பிறகே, அந்த ஆண்டு டிசம்பர் 1 முதல், ஒவ்வொரு சேர்க்கைக் கடிதத்தையும் கல்லூரியிடமே கேட்டுச் சரிபார்க்கும் முறையைக் கனடா கொண்டுவந்தது. ஏமாற்றியவர் ஏஜென்ட் என்றாலும், விண்ணப்பத்தில் இருந்தது மாணவரின் கையெழுத்து. பொய் ஆவணத்துக்குக் கனடாவில் 5 ஆண்டுத் தடை, பிரிட்டனில் 10 ஆண்டுத் தடை. வங்கிக் கணக்கில் பணம் இருப்பதாகக் காட்ட 'ஷோ மணி' ஏற்பாடு செய்கிறேன் என்று எவர் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

கடிதத்தைச் சோதிப்பது கடினமான வேலை இல்லை. பல்கலைக்கழகத்தின் சொந்த இணையதளத்தில் உள்ள சேர்க்கைப் பிரிவு முகவரிக்கு, மாணவரே தன் மின்னஞ்சலிலிருந்து எழுதிக் கேட்க வேண்டும். ஏஜென்ட் கொடுக்கும் முகவரிக்கு எழுதிப் பயனில்லை. கனடா என்றால் அரசு அங்கீகரித்த கல்வி நிறுவனப் பட்டியலிலும், பிரிட்டன் என்றால் மாணவர் விசாவுக்கு உரிமம் பெற்ற நிறுவனங்களின் அரசுப் பதிவேட்டிலும் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இன்னொன்று: ஏஜென்டே மாணவர் பெயரில் ஒரு மின்னஞ்சலைத் திறந்து, கடவுச்சொல்லைத் தன்னிடமே வைத்துக்கொள்வது இங்கே வழக்கமாகிவிட்டது. இதற்கு ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். விசா மறுப்புக் கடிதம் வந்தால்கூட உங்களுக்குத் தெரியாமல் போய்விடும்.

பொருளியல் படிப்புக்கே உரிய சிக்கல்களை எந்த ஏஜென்டும் சொல்வதில்லை. லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் போன்ற இடங்களில் இளங்கலைப் பொருளியலுக்குப் பள்ளிக் கணிதம் கட்டாயம். நம் ஊரில் வணிகவியல், கணக்குப்பதிவியல், பொருளியலோடு கணினிப் பயன்பாடு எடுத்த மாணவருக்கு அந்தக் கதவு பதினோராம் வகுப்பிலேயே அடைபட்டுவிடுகிறது. வணிகக் கணிதம் எடுத்தவர்கள், அதைக் கணிதமாக ஏற்பீர்களா என்று எழுத்தில் கேட்டுப் பதில் வாங்க வேண்டும். ஜெர்மனி போக விரும்புவோர், நம் பிளஸ் டூ சான்றிதழ் மட்டும் அங்கே பட்டப்படிப்பில் நேரடியாகச் சேரப் போதாது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2022 நவம்பர் முதல், கல்வி ஆவணங்களைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றும் வேண்டும்.

அமெரிக்கா என்றால் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவத்தில் உள்ள படிப்புக் குறியீட்டைப் பாருங்கள். 45.0603 என்றால் அளவைப் பொருளியல். அது அறிவியல் தொழில்நுட்பப் பிரிவில் வருவதால், படிப்பு முடிந்து 12 மாதம் வேலை செய்யும் அனுமதியோடு மேலும் 24 மாதம் நீட்டிப்பு கேட்கலாம். 45.0601 என்றால் பொதுப் பொருளியல், நீட்டிப்பு இல்லை. ஒரே பல்கலைக்கழகத்தில், ஒரே கட்டணத்தில், கடைசி இரண்டு இலக்கத்தில் இரண்டு ஆண்டு வருமானம் இருக்கிறது. கடன் வாங்கிப் போகும் குடும்பம் இதைக் கேட்காமல் கையெழுத்துப் போடக்கூடாது.

கடன் விஷயத்தில் காவிரி டெல்டாவின் நிலைமை தனி. இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக்கடன் திட்டப்படி 7.5 லட்சத்துக்கு மேற்பட்ட கடனுக்குச் சொத்துப் பிணை வேண்டும். வெளிநாட்டு இளங்கலைக்கு அந்தத் தொகை ஓராண்டுக்கே போதாது. மூன்று ஏக்கர் நஞ்சை இருக்கிறதே என்று நம்பிப் போகிறார் அப்பா. கடன் திரும்பாவிட்டால் பிணைச் சொத்தை வங்கி எடுத்துக்கொள்ள வழி செய்யும் 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டம் 31-ஆம் பிரிவில் விவசாய நிலத்தை விலக்கி வைத்திருப்பதால், வங்கிகள் பெரும்பாலும் அதைப் பிணையாகத் தொடுவதில்லை. வீடு இருக்கிறதே என்றால், கும்பகோணம் வட்டாரத்தில் கோயில் மனையிலும் மடத்து மனையிலும் வீடு கட்டியிருப்போர் ஏராளம். சுவர் உங்களுடையது, மண் உங்களுடையது இல்லை. அடமானம் வைக்க முடியாது. மீதியுள்ள வீடுகளில் பாதி இன்னும் தாத்தா பெயரில் கிடக்கின்றன. ஆகவே ஏஜென்டைப் பார்க்கும் முன்பே தாசில்தார் அலுவலகத்தில் வாரிசுச் சான்று, பட்டா பெயர் மாற்றம், சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று ஆகிய மூன்றையும் முடித்து வையுங்கள். விசா நேரத்தில் இவற்றுக்கு அலைந்தால் ஒரு செமஸ்டர் போய்விடும்.

அரசு உதவி கிடைக்கும் என்ற நம்பிக்கையையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பிஎம் வித்யாலக்ஷ்மி கல்விக்கடன் திட்டம் இந்தியக் கல்வி நிறுவனங்களுக்கு மட்டுமே. மத்திய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகையும், ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களுக்காகத் தமிழக அரசு அண்ணல் அம்பேத்கர் பெயரில் தரும் உதவித்தொகையும் முதுகலைக்கும் ஆராய்ச்சிக்கும்தான். இளங்கலைக்கு இல்லை. பி.ஏ. பொருளியலைக் கும்பகோணம் அரசு கலைக் கல்லூரியிலேயே முடித்துவிட்டு, முதுகலைக்கு வெளிநாடு போவது பல குடும்பங்களுக்கு நல்ல வழி என்றே நினைக்கிறேன். அதைச் சொன்னால் கமிஷன் கிடைக்காது என்பதால் ஏஜென்ட் சொல்லமாட்டார்.

வங்கி மேலாளர் 'உங்கள் ஏரியா எங்கள் கிளைக்குள் வராது' என்று திருப்பி அனுப்பினால் போய்விடாதீர்கள். அந்தக் காரணம் காட்டிக் கல்விக்கடன் மறுக்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012-லேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. இத்தனை ஆண்டு கழித்தும் கவுன்டரில் அதே பதிலைச் சொல்கிறார்கள். விண்ணப்பத்தைக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். மறுப்பை எழுத்தில் கேளுங்கள். வங்கிக்குப் புகார் அனுப்பி 30 நாளில் தீர்வு இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு இணையவழியில் புகார் செய்யலாம், கட்டணம் இல்லை.

கல்விக் கட்டணம் உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து நேராகப் பல்கலைக்கழகத்தின் கணக்குக்குப் போக வேண்டும். ஏஜென்ட் கணக்குக்கு வேண்டாம். 'வங்கியில் டிசிஎஸ் வரி பிடிப்பார்கள், நான் வேறு வழியில் அனுப்புகிறேன்' என்று பயமுறுத்துவார்கள். 2025 ஏப்ரல் முதல் வங்கிக் கல்விக்கடனிலிருந்து அனுப்பும் பணத்துக்கு டிசிஎஸ் கிடையாது. சொந்தப் பணத்திலும் ஆண்டுக்கு 10 லட்சம் வரை கிடையாது. அதற்கு மேல் பிடித்தாலும் வருமான வரிக் கணக்கில் திரும்பக் கேட்கலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் ஏமாந்துவிட்டால்? வெட்கப்பட்டு வாய் மூடியிருப்பதுதான் ஏமாற்றுபவருக்குப் பெரிய வசதி. ஆன்லைனில் பணம் அனுப்பியிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். ஒரு மணி நேரம் தாமதித்தாலும் பணம் கைமாறிவிடும். ஏஜென்ட் அலுவலகம் சென்னையில் இருக்கிறது, அங்கே போய்ப் புகார் கொடு என்று காவல் நிலையத்தில் சொன்னால் ஏற்காதீர்கள். குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவுப்படி, குற்றம் எங்கே நடந்தாலும் எந்த நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். வாங்க மறுத்தால் அதே புகாரைத் தஞ்சாவூர் மாவட்டக் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். வாங்கிக்கொண்டால், அதற்கான சி.எஸ்.ஆர். ரசீது இல்லாமல் நிலையத்தை விட்டு வராதீர்கள்.

பணத்தை மீட்கத் தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, ஏஜென்ட் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஏஜென்டுக்குக் கொடுத்தது 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமே இல்லை. 'ஈ-ஜாக்ருதி' தளத்தில் வீட்டிலிருந்தே பதிவு செய்யலாம். ரசீது, ஒப்பந்தம், வங்கிக் கணக்கு அறிக்கை, வாட்ஸ்அப் பேச்சின் நகல், அவர்கள் அச்சடித்த நோட்டீஸ் எல்லாவற்றையும் தேதி வரிசையில் இணையுங்கள். போன் மாற்றும்போது வாட்ஸ்அப் பேச்சை அழித்துவிடாதீர்கள். வழக்கறிஞர் வைக்க வசதி இல்லாதவர்கள் கும்பகோணம் நீதிமன்ற வளாகத்தில் வட்ட சட்டப் பணிகள் குழுவை அணுகலாம். பெண்களுக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் உதவ வேண்டும் என்பது சட்டம். ஏஜென்ட் 'அடுத்த இன்டேக்கில் பார்க்கலாம்' என்று தள்ளிப்போடுவது பெரும்பாலும் காலக்கெடுவைக் கடத்தத்தான். வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் மனு போட்டாக வேண்டும். வாக்குறுதியை நம்பிக் காத்திருந்த மாதங்களை யாரும் கழித்துத் தரமாட்டார்கள்.