ஜமாய் பாபு: 1931இல் வந்த ஊமைப்பட காமெடி இன்றும் இருக்கு... நம்ம டி.பி.ராஜலட்சுமியின் ஊமைப்படங்கள் எங்கே?

மதுராந்தகத்தில் ரயில் ஏறி எழும்பூரில் இறங்கி, மாமனார் வீடு எந்தப் பக்கம் என்று தெரியாமல் முழிக்கும் ஒரு புது மாப்பிள்ளையைக் கற்பனை செய்து பாருங்கள். அப்படியே ஊரை மட்டும் கல்கத்தாவாக மாற்றினால், அதுதான் 'ஜமாய் பாபு'. 1931இல் வந்த வங்காள ஊமைப்படம். ஓடும் நேரம் அரை மணிக்கும் குறைவு. இந்தியாவில் எடுக்கப்பட்ட ஊமைப்படங்களில் இன்றும் பார்க்கக் கிடைக்கும் வெகு சிலவற்றில் இதுவும் ஒன்று.

கதை என்ன?

வங்காளத்தில் 'ஜமாய்' என்றால் மருமகன். நம்மூரில் தலை தீபாவளிக்கு மாப்பிள்ளையைக் கவனிப்பது போல, அங்கே 'ஜமாய் சஷ்டி' என்று தனி நாளே உண்டு. ஹீரோ கோவர்தன் ஒரு கிராமத்து அப்பாவி. கல்கத்தாவில் இருக்கும் மாமனார் வீட்டுக்கு வருகிறார். நகரத்தில் வழி தவறுகிறார், அடி வாங்குகிறார். ராத்திரி மனைவியின் அறைக்குள் நைசாக நுழையப் போக, திருடன் என்று நினைத்து வீடே கூடிவிடுகிறது.

படத்தை இயக்கிய காளிபாத தாஸ்தான் கோவர்தனாகவும் நடித்தார். நாயகி ராதாராணி. வசனமே இல்லாத படம் என்பதால் வெட்கம், பதற்றம், சிரிப்பு எல்லாவற்றையும் முகத்திலும் கையசைவிலும்தான் காட்ட வேண்டும். பல காட்சிகள் செட்டில் இல்லாமல் நிஜத் தெருக்களில் எடுக்கப்பட்டவை. அதனால் காமெடியோடு சேர்த்து, அந்தக் காலத்துக் கல்கத்தாவையும் படம் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறது.

ஒரு பெண் நடிப்பது அப்போது பெரிய விஷயமா?

ஆமாம். 1913இல் தாதாசாகேப் பால்கே எடுத்த 'ராஜா ஹரிச்சந்திரா'வில் ராணி தாராமதியாக நடித்தவர் சாளுங்கே என்ற ஆண். சினிமாவில் நடிப்பது கௌரவக் குறைவு என்று பெண்கள் ஒதுங்கிய காலம் அது. பிறகு ஆங்கிலோ இந்தியப் பெண்களும் யூதப் பெண்களும் வந்தார்கள். ரூபி மையர்ஸ் 'சுலோச்சனா' ஆனார். ரெனீ ஸ்மித் 'சீதா தேவி' ஆனார். படத்தில் பேச்சே கிடையாது, அதனால் எந்த மொழி பேசினாலும் பிரச்சினை இல்லை.

1931 மார்ச் 14இல் 'ஆலம் ஆரா' வெளியானதும் நிலைமை தலைகீழ். பேச வேண்டும், பாடவும் வேண்டும். சுலோச்சனாவே இந்துஸ்தானி கற்றுக்கொண்டுதான் திரும்ப வர வேண்டியிருந்தது.

இந்த மாற்றம் ஒரு தமிழ் நடிகைக்குக் கைகொடுத்தது. திருவையாற்றில் பிறந்து, நாடக மேடையில் பாடி நடித்து வளர்ந்த டி.பி.ராஜலட்சுமி. 'கோவலன்', 'உஷா சுந்தரி' போன்ற ஊமைப்படங்களில் நடித்தவர், 1931 அக்டோபர் 31இல் வெளியான 'காளிதாஸ்' படத்தில் நாயகி ஆனார். 1936இல் 'மிஸ் மாலினி'யை இயக்கி, தமிழின் முதல் பெண் இயக்குநர் என்ற பெயரும் வாங்கினார்.

சரி, அந்தப் படங்களைப் பார்க்க முடியுமா?

முடியாது. அவருடைய ஊமைப்படங்கள் இல்லை. 'காளிதாஸ்' இல்லை. 'மிஸ் மாலினி'யும் இல்லை. 'வைல்ட்கேட் ஆஃப் பாம்பே'யில் சுலோச்சனா எட்டு வேடம் போட்டார், அந்தப் படமும் தொலைந்து போனது. அவர்கள் அளவுக்குப் பெயர் வாங்காத ராதாராணியை மட்டும் இன்றும் திரையில் பார்க்கலாம். புகழ் படத்தைக் காப்பாற்றவில்லை, தப்பிப் பிழைத்த பிரின்ட்தான் காப்பாற்றியது.

ஏன் இப்படித் தொலைந்தன?

காரணம் 1: அந்தக் காலத்து ஃபிலிம் நைட்ரேட்டால் ஆனது. சட்டென்று தீப்பிடிக்கும். வெப்பத்திலும் ஈரத்திலும் பிசுபிசுவென்று ஒட்டி, கடைசியில் பொடியாகிவிடும். சென்னை மாதிரி கடலோர ஊர்களில் கேட்கவே வேண்டாம்.

காரணம் 2: ஃபிலிமில் வெள்ளி இருக்கும். பேசும் படம் வந்த பிறகு ஊமைப்படத்தை யாரும் வாடகைக்கு எடுக்கவில்லை. வெள்ளியைப் பிரித்தெடுக்க ரீல்கள் பழைய விலைக்குப் போயின.

காரணம் 3: சேமித்து வைக்க இடமே இல்லை. புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தொடங்கப்பட்டதே 1964இல்தான். பி.கே.நாயர் ஊர் ஊராகத் தேடிச் சேர்க்கத் தொடங்கும்போது, ஊமைப்படக் காலம் முடிந்து 30 வருஷம் ஓடியிருந்தது. சேர்த்து வைத்தவற்றிலும் பல நைட்ரேட் ரீல்கள் 2003 ஜனவரியில் புனேயில் ஏற்பட்ட தீ விபத்தில் கருகின.

இந்தியாவில் எடுக்கப்பட்ட ஊமைப்படங்கள் சுமார் 1,300. மிஞ்சியவை 30க்கும் குறைவு, அதிலும் பல துண்டு துண்டாக. தென்னிந்தியாவில் எடுத்த 100க்கும் மேற்பட்ட படங்களில் தப்பியதாகச் சொல்லப்படுவது ஒன்றே ஒன்று, 1933இல் வந்த 'மார்த்தாண்ட வர்மா'. அது தப்பித்ததும் தற்செயல்தான். நாவலின் உரிமை தொடர்பான வழக்கில் பிரின்ட் புத்தக நிறுவனத்தின் கைக்குப் போய், அங்கேயே கிடந்தது. 1974இல் காப்பகம் அதை வாங்கியது. தியேட்டர் தியேட்டராகச் சுற்றியிருந்தால் அதுவும் தேய்ந்து போயிருக்கும்.

இனிமேல் கிடைக்க வாய்ப்பு இருக்கா?

இருக்கிறது. 1919இல் வந்த வங்காளப் படம் 'பில்வமங்கல்' தொலைந்தே போனது என்று நினைத்திருந்தார்கள். அதன் ஒரு பகுதி பிரான்ஸ் நாட்டுக் காப்பகத்தில் இருந்து 2016இல் இந்தியாவுக்குக் கிடைத்தது.

எனவே டூரிங் டாக்கீஸ் நடத்தியவர்கள், பழைய ஸ்டூடியோ ஆட்கள் வீட்டுப் பரணில் ரீல் டப்பா கிடந்தால் காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். அதை ஓட்டிப் பார்க்கவும் வேண்டாம், பழைய ஃபிலிம் எளிதில் கிழிந்துவிடும். அடுப்பும் வெயிலும் படாத இடத்தில் வைத்துவிட்டு, புனே காப்பகத்துக்குத் தகவல் சொல்லுங்கள். டப்பா மேல் பெயர் அழிந்திருந்தாலும் பரவாயில்லை, உள்ளே என்ன இருக்கிறது என்று அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.