வரலாறு எங்கிருந்து தொடங்குகிறது?

சிங்கப்பூர் ஆற்றங்கரையில், சர் ஸ்டாம்ஃபர்ட் ராஃபிள்ஸ் கரையிறங்கியதாகக் கருதப்படும் இடத்தில், அவருடைய வெண்ணிறச் சிலை நிற்கிறது. 2019ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவ்வழியே சென்றவர்கள் வியந்து நின்றனர். சிலையைக் காணவில்லை! அருகில் சென்று பார்த்தபோதுதான் உண்மை புரிந்தது. சிலையின் மீது சாயம் பூசப்பட்டிருந்தது. குறிப்பிட்ட ஒரு கோணத்திலிருந்து பார்த்தால், அது பின்னாலிருந்த உயரமான கட்டடத்தோடு கலந்து மறைந்துவிட்டதுபோல் தோன்றியது.

சில நாள்களில் சிலை மீண்டும் வெண்ணிறம் பெற்றது. இம்முறை அது தனியாக நிற்கவில்லை. சாங் நீல உத்தமா, முன்ஷி அப்துல்லா, நாராயண பிள்ளை, டான் டோக் செங் ஆகிய நால்வரின் சிலைகளும் சிறிது காலம் அதன் அருகே வைக்கப்பட்டன. ராஃபிள்ஸ் வந்த இருநூறாம் ஆண்டு நினைவையொட்டி இந்த மாற்றம் செய்யப்பட்டது. நடந்து முடிந்த வரலாறு மாறவில்லை; அதைச் சொல்லும் முறைதான் மாறியது. ஏன்?

தொடக்கம் ஏன் முக்கியம்?

உங்கள் குடும்பக் கதையைச் சொல்லுமாறு ஒருவர் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கொள்ளுத் தாத்தா கப்பலில் வந்து இறங்கிய நாளிலிருந்து தொடங்கினால், அது புதிய ஊரில் உழைத்து முன்னேறியவர்களின் கதையாகும். அவர் பிறந்த கிராமத்திலிருந்து தொடங்கினால், அது சொந்த ஊரைப் பிரிந்தவர்களின் கதையாகும். இரண்டும் உண்மையே. ஆயினும், தொடக்கத்திற்கு ஏற்பக் கதையின் பொருள் மாறுகிறது.

நாடுகளுக்கும் இது பொருந்தும். ‘தேசம் என்பது என்ன?’ என்னும் தலைப்பில் பிரெஞ்சு அறிஞர் எர்னஸ்ட் ரெனான் 1882இல் பாரிஸில் உரையாற்றினார். மக்கள் சேர்ந்து நினைவில் வைத்திருப்பவை மட்டுமல்லாமல், சேர்ந்து மறந்தவையும் ஒரு தேசத்தை உருவாக்குகின்றன என்று அவர் விளக்கினார்.

1819ஐத் தேர்ந்தெடுத்த காரணம்

சிங்கப்பூர் 1965இல் தனிநாடானது. அதற்கு முந்தைய ஆண்டில்தான் இங்கு இனக் கலவரங்கள் மூண்டிருந்தன. பல இனத்தவர் வாழும் அந்த இளம் நாடு தன் கதையை எங்கிருந்து தொடங்குவது? ராஃபிள்ஸ் வந்த 1819ஆம் ஆண்டே தொடக்கமாகக் கொள்ளப்பட்டது.

இந்த முடிவுக்கான காரணத்தை, யாழ்ப்பாணத்தில் பிறந்தவரும் சிங்கப்பூரின் முதல் வெளியுறவு அமைச்சருமான எஸ். ராஜரத்தினம் 1984இல் விளக்கினார். ஒவ்வோர் இனத்தவரும் தத்தம் மூதாதையரின் நாட்டிலிருந்து வரலாற்றைத் தொடங்கினால், இந்நாடு முடிவில்லாத இனப் பூசல்களின் களமாகிவிடும் என்று அவர் அஞ்சினார். 1819இலிருந்து தொடங்கும் கதையில் பெரும்பாலோர் வந்து குடியேறியவர்களே. எனவே, எந்த இனமும் தன்னைப் பிறரைவிட உயர்வாகக் கருத இடமில்லை.

எனினும், இந்தக் கதையில் ஒரு குறை இருந்தது. ராஃபிள்ஸ் வந்தபோது இத்தீவு ஆளில்லாத தீவாக இருக்கவில்லை. துமெங்கோங் அப்துல் ரஹ்மானும் அவருடைய மக்களும் ஆற்றின் முகத்துவாரத்தில் வாழ்ந்தனர். கடலையே வாழ்வாகக் கொண்ட ஓராங் லாவுட் மக்களும் இருந்தனர். 1819 என்னும் தொடக்கம் இவர்களைக் கதையின் ஓரத்திற்குத் தள்ளியது.

மண் சொன்ன செய்தி

ராஜரத்தினம் இவ்வாறு விளக்கிய அதே 1984ஆம் ஆண்டில், தொல்லியல் அறிஞர் ஜான் மிக்சிக் ஃபோர்ட் கேனிங் குன்றில் அகழாய்வைத் தொடங்கினார். 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சீனப் பீங்கான் துண்டுகளும் கண்ணாடி மணிகளும் அங்குக் கிடைத்தன. அக்காலத்திலேயே தெமாசெக் என்னும் துறைமுகம் இங்கு இயங்கியதற்கு அவை சான்றாயின. சீனப் பயணி வாங் டாயுவான் அதே நூற்றாண்டில் எழுதிய குறிப்புகளிலும் இந்த இடம் இடம்பெற்றுள்ளது. சாங் நீல உத்தமாவைப் பற்றிய ‘செஜாரா மெலாயு’ கதைகளில் கற்பனை கலந்திருக்கலாம். ஆனால், பழைய துறைமுகம் கற்பனையன்று என்பதை மண்ணே காட்டியது.

இதன் பயனாகப் பள்ளி வரலாற்றுப் பாடமும் மாறியது. 2014இல் வெளிவந்த உயர்நிலைப்பள்ளிப் பாடநூல் 1300ஆம் ஆண்டிலிருந்து தொடங்கியது. இருநூறு ஆண்டுக் கதை எழுநூறு ஆண்டுக் கதையானது.

வரிசையில் நிற்பவர்களும் நிற்காதவர்களும்

ராஜரத்தினத்தின் அச்சம் பொருளற்றது என்று இதற்குப் பொருளா? இல்லை. கதை நீளும்போது, ‘யார் முதலில் வந்தார்?’ என்னும் போட்டியும் எழலாம். அந்தப் போட்டிக்கு இடம் கொடுக்காமல், எல்லாருக்கும் இடம் தரும் கதையைச் சொல்வதே இன்றைய சவால்.

மீண்டும் ஆற்றங்கரைக்கு வருவோம். நாராயண பிள்ளை 1819ஆம் ஆண்டு மே மாதம் பினாங்கிலிருந்து ராஃபிள்ஸின் கப்பலில் வந்தவர். இங்குச் செங்கல் சூளை அமைத்தார். ஸ்ரீ மாரியம்மன் கோயில் உருவாகக் காரணமாக இருந்தார். ராஃபிள்ஸ் தனியே நின்ற கதையில் அவர் ஒரு பயணி மட்டுமே. ஐந்து சிலைகள் சேர்ந்து நின்றபோது, அவரும் நகரை உருவாக்கியவர்களுள் ஒருவரானார்.

ஆயினும், அந்த வரிசையும் முழுமையானதன்று. ஐவரும் ஆண்கள். ஓராங் லாவுட் மக்களுக்கு அங்கே சிலை இல்லை. செயின்ட் ஆண்ட்ரூ தேவாலயத்தைக் கட்டிய இந்தியக் கைதிகளுக்கும் சிலை இல்லை.

ஆகவே, வரலாற்றைப் படிக்கும்போது ‘என்ன நடந்தது?’ என்று கேட்பதோடு நின்றுவிடக்கூடாது. ‘இந்தக் கதை ஏன் இங்கிருந்து தொடங்குகிறது? யார் விடுபட்டிருக்கிறார்கள்?’ என்றும் கேட்க வேண்டும். ஆறாவது சிலை ஒன்றை அங்கு வைக்கும் வாய்ப்பு உங்களுக்குக் கிடைத்தால், யாருக்கு வைப்பீர்கள்? உங்கள் விடை, நாம் யார் என்று நீங்கள் எண்ணுகிறீர்கள் என்பதையும் சொல்லிவிடும்.