காப்புக் கட்டுப்படுத்திகளும் அவற்றின் நிலைத்தவறுகளும்

பெற்றோலியம், இரசாயனப் பொருள் ஆகியவற்றை ஆக்கும் ஆலைகளிலே இருவகைக் கட்டுப்படுத்திகள் உள. ஒருவகை, வெப்பம், அமுக்கம், பாய்ச்சல் என்பவற்றை வேண்டிய அளவில் வைத்து உற்பத்தியை நடத்துவது. மற்றையது, அவ்வளவுகள் எல்லை கடக்குங்கால் வால்வுகளை மூடி ஆலையை நிறுத்துவது. பின்னதே காப்புக் கட்டுப்படுத்தி எனப்படும். உற்பத்திப் பொறி பிழைத்தால் பொருள் நட்டமாகும்; காப்புப் பொறி பிழைத்தாலோ உயிர் நட்டமாகும்.

இவ்வினத்துள் ஒன்றாகிய ட்ரைக்கோனெக்ஸ் என்னும் கட்டுப்படுத்தியில் மூன்று கணனிகள் ஒரே நிரலைத் தனித்தனியே இயக்குகின்றன. அவற்றுள் இரண்டேனும் உடன்பட்ட முடிபே கொள்ளப்படும். அதன் முகப்பில் ஒரு திறவுகோல் உண்டு. அது குறிக்கும் நிலைகள் நான்கு. ஓட்டநிலையில் நிரல் இயங்கும். வெளியார் அதனை மாற்றல் இயலாது. நிரலாக்கநிலையில் புதிய நிரலை ஏற்றலாம். தொலைநிலையில் வெளிக்கணனிகள் சில பெறுமானங்களை எழுதலாமன்றி நிரலை மாற்றலாகாது. நிறுத்தநிலையில் நிரல் இயங்காது. வேலை முடிந்தபின்னும் திறவுகோலை நிரலாக்கநிலையிலேயே விட்டுவிடுதல் சிறு மறதிபோலத் தோன்றும். ஆயினும், அது பூட்டிய வீட்டின் பின்கதவைத் திறந்துவிட்டமைக்கு ஒப்பாகும்.

இவ்வுண்மையைச் சவூதி அரேபியாவிலுள்ள ஓர் ஆலையில் 2017 ஆம் ஆண்டு நிகழ்ந்தது நன்கு விளக்கும். அவ்வாண்டு யூன் மாதத்தில் அங்குள்ள காப்புக் கட்டுப்படுத்தி ஆலையை நிறுத்திற்று. அது பொறிப் பழுதெனக் கருதப்பட்டமையால் ஆலை மீண்டும் இயக்கப்பட்டது. ஓகத்து மாதத்தில் ஆலை மறுபடியும் நின்றது. அதன்பின் நடந்த ஆராய்ச்சியிலேதான் அந்நியர் வலையமைப்பினுட் புகுந்து, காப்புக் கட்டுப்படுத்திகளின் நினைவகத்திலே தம் நிரலைச் செலுத்த முயன்றமை வெளிப்பட்டது. திறவுகோல் நிரலாக்கநிலையில் இருந்தமை அவர்க்கு வழியாயிற்று. மூன்று கணனிகளின் நிரல்களும் ஒத்துள்ளனவா எனப் பொறி தானே செய்த சோதனையில் வேறுபாடு தோன்றவே, அது காப்பான நிலைக்குச் சென்று ஆலையை நிறுத்திற்று. இத்தீநிரல் ‘ட்ரைட்டன்’ எனப் பெயர் பெற்று, அவ்வாண்டு திசெம்பரில் உலகறியச் செய்யப்பட்டது. அதன் ஆக்கத்தோடு தொடர்புடையதென, ரஷ்ய அரசின் ஆய்வு நிலையமொன்றின்மீது ஐக்கிய அமெரிக்கா 2020 ஒக்தோபரில் தடை விதித்தது.

ஈண்டுக் கருதத்தக்கது ஒன்றுண்டு. அத்தீநிரல் ஒருமுறை உட்புகுந்துவிட்டால், பின்னர்த் திறவுகோல் எந்நிலையில் இருப்பினும் ஏவற்படி நடக்குமாறு அமைக்கப்பட்டிருந்தது. ஆதலால், திறவுகோல் இப்பொழுது ஓட்டநிலையில் உள்ளது என்பதனால் மட்டும் ஐயம் நீங்காது. அது முன்னர் எந்நிலையில், எத்துணைக் காலம் இருந்தது என்பதையும் அறிதல் வேண்டும்.

இதனால் நிலைத்தவறு ஆராய்வோர் கைக்கொள்ள வேண்டிய முறை பெறப்படும். முதலாவது, பொறியை மீள இயக்குமுன் அது காட்டும் பழுதுச் செய்தியையும் நிகழ்ச்சிப் பதிவையும் படியெடுத்தல் வேண்டும். முந்தி இயக்கினால் சான்று அழிதலும் கூடும். இரண்டாவது, திறவுகோலின் நிலையையும், அதனைத் திருப்பியவர் யார், எதன் பொருட்டு என்பதையும் வினவுதல் வேண்டும். மூன்றாவது, பொறியிலுள்ள நிரலை, முன்னரே ஒப்புதல் பெற்றுப் பாதுகாத்த படியோடு ஒப்பிடுதல் வேண்டும். நான்காவது, மின்வழங்கல், இணைப்புக்கம்பி, உள்ளீட்டு வெளியீட்டு அட்டைகள் என்பவற்றைச் சோதித்தல் வேண்டும். காரணம் புலப்பட்ட பின்னரே ஆலையை இயக்குதல் முறையாகும்.

நின்றுபோன பொறியைப் பழுதுற்ற பொறி என்றே கொள்வது மனித இயல்பு. உற்பத்தி தடைப்படும் ஒவ்வொரு நாழிகையும் பொருள் நட்டமாதலின், விரைந்து இயக்குமாறு மேலிடத்தார் நெருக்குவதும் உண்டு. எனினும், காப்புப் பொறிக்கு நிற்றலும் ஒரு தொழிலே. அது நின்றமை தன் கடமையைச் செய்தமையாகவும் இருக்கலாம். ‘எப்பொழுது மீண்டும் ஓடும்?’ என்னும் வினாவிற்கு முன், ‘ஏன் நின்றது?’ என்னும் வினா எழுதல் வேண்டும். அவ்வினாவிற்கு விடை காணும்வரை பொறுத்திருத்தலே அறிவுடையார் செயலாம்.